ஆம்ப்ளிபயருக்குக் கூறைச்சேலை

சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து கொல்லிமலைக்குத் திரும்பிய மாதேஸ்வரன், தானே செய்த ஆம்ப்ளிபயரை ஒரு எண்ணெய்த் தகரத்துக்குள் பொருத்தியிருந்தான். "சாமி முன்னால தகரமா?" என்று ஊர்க்கவுண்டர் அதைத் திருவிழாவுக்கு ஏற்கவில்லை. "பொட்டி நாஞ் செய்யறனுங்க" என்ற மனைவி பாப்பாயியிடம், "உனக்கென்ன தெரியும்?" என்று எரிந்து விழுந்துவிட்டு, கவுண்டரை எப்படியும் சம்மதிக்க வைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற முள்ளுக்குறிச்சிக்கு இறங்கிப் போனான். அவன் திரும்பி வரும் நாளன்று மத்தியானம், கால் தரையில் பாவாமல் பாப்பாயி சீட்டு எழுதினாள்:

"ஏனுங்க மாமா, உறியில சாமைச்சோறு இருக்குது, தின்னுபோட்டு வாங்க. தகரத்தத் தேடாதீங்க, அதுல மாட்டுக்குத் தண்ணி வெச்சிருக்கறேன். பலாப் பலகையில பொட்டி செஞ்சுட்டேன்! ஒரு ஒயருகூட அறுவல. வால்வு சூடு வெளிய போறதுக்கு, முதுகுல மொளகுக்கொடி படர்ந்தாப்புல வரிசையா ஓட்டை போட்டிருக்கறேன். முன்பக்கத்துக்கு எங் கூறைச்சேலை முந்தானை. வையாதீங்க, கிழிச்சாச்சு. கவுண்டரு பாத்துப்போட்டு, 'தேராட்டம் இருக்குதே'ன்னு அவரே தலையில தூக்கிக்கிட்டுக் கோயிலுக்குப் போறாரு! நானும் பின்னாலயே ஓடறேன். பேட்டரியோட வந்து சேருங்க. எம் மேல எரிஞ்சு உழுந்தீங்கல்ல, கோவம் பாதிதான் போயிருக்குது."

எழுதி முடித்தவள், கீழே இருந்த இடுக்கில் இன்னும் கொஞ்சம் நெருக்கி எழுதினாள்: "மைக்குல ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண வேண்டாம். மொதல்ல 'பாப்பாயி'ன்னு கூப்புடுங்க. மலை மொத்தமும் கேக்கட்டும்."

படித்துப் பார்த்ததும் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. அழித்துவிடலாமா என்று யோசித்தாள். அழிக்கவில்லை. சீட்டை உறிக்கயிற்றில் செருகிவிட்டு, சிரித்துக்கொண்டே ஓடினாள்.