தலைப்பிரசவத்துக்கு வர வேண்டாம்

மைசூர்
ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நாச்சம்மாளுக்கு அப்பா எழுதுவது. பொன்மலையில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமாயிருக்க மாதேஸ்வரன் காக்கட்டும். இங்கே நான் சுகம், உன் அம்மாவுக்குத்தான் சுகமில்லை.

இது என் சொந்தக் கையெழுத்து, மகளே. பக்கத்து வீட்டுக் கமலம்மாள் எழுதக் கற்றுக்கொடுத்தாள். ஒரு வரி முடிவதற்குள் விரல் நோகிறது, ஆனாலும் எழுதியதைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறேன். உனக்கு எழுதும் முதல் கடிதத்தில் இந்தச் சேதியா வர வேண்டும் என்றுதான் மனசு சலிக்கிறது.

அம்மாவுக்கு முறைக்காய்ச்சல். ஒரு நாள் குளிர் நடுக்கி உடம்பு கொதிக்கிறது, மறுநாள் ஒன்றுமில்லாதவள் போல எழுந்து வாசல் பெருக்குகிறாள். அப்படி விட்ட நாளில் காய்ச்சல் போய்விட்டது என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஆஸ்பத்திரியில் கொடுத்த கொயினா என்ற கசப்பு மாத்திரையையும் நிறுத்திவிட்டோம். அது திரும்பி வந்து ஆளையே உருக்கிவிட்டது. கஞ்சி வைத்து, கம்பளி போர்த்தி, வேர்வை துடைத்து எனக்கும் இடுப்பு ஒடிந்துவிட்டது. இடது விலாவுக்குக் கீழே காய்ச்சல் கட்டி வேறு. அதற்குச் சூடு போடலாம் என்று எதிர்வீட்டு நஞ்சம்மா பழுக்கக் காய்ச்சிய கரண்டியோடு வந்து நின்றாள். நான்தான் வேண்டாமென்று ஜட்கா வண்டி வைத்து மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்தார். காய்ச்சல் நோயல்ல, நோயின் குறி என்றார். கட்டி என்பது மண்ணீரல் வீக்கம், அதுவும் குறிதான். நோயின் பெயர் மலேரியா, காரணம் ரத்தத்தில் இருக்கும் கிருமி, அதை ஆளுக்கு ஆள் கொண்டுபோவது கொசு. புகை அடங்கினால் நெருப்பு அணைந்ததாகுமா, குறி போனதும் மருந்தை நிறுத்துவார்களா என்று கேட்டார். இத்தனை வயதுக்கு இதெல்லாம் எனக்குப் புதிது. குறி, காரணம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். உங்கப்பனுக்கு டாக்டர் உத்தியோகம் ஆயிருச்சு என்று அம்மா அந்த நடுக்கத்திலும் கேலி செய்தாள்.

கிளம்பும்போதுதான், மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள் என்று அவரிடம் சொன்னேன். கூட்டி வராதீர்கள், கர்ப்பிணிக்கு இது வந்தால் தாய்க்கும் ஆபத்து பிள்ளைக்கும் ஆபத்து, உங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் குட்டையில் கொசு மொய்க்கிறது என்றார். அம்மா எரிந்து விழுந்தாள். எம்புள்ள தாயூட்டுக்கு வராம எங்க போவா, ஊரு சிரிக்காதா என்றாள். நானாவது பொன்மலைக்குப் போறேன் என்றாள். மருந்து முடியும்வரை கூடாது, அங்கே உங்களைக் கடிக்கும் கொசு அவளையும் கடிக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். மறுநாள் விடிந்ததும், இதுவரை துப்பிக்கொண்டிருந்த கசப்பு மாத்திரையைத் தானாகக் கேட்டு வாங்கி விழுங்கினாள்.

அதனால் நீ வர வேண்டாம், மகளே. அங்கே ரயில்வே ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள். கொசுவலைக்குள் படு. உடம்பு சுட்டால் உடனே டாக்டரிடம் காட்டு, நீயாக எந்த மாத்திரையும் தின்னாதே. பிரசவத்தை அவர்களே பார்த்துக்கொள்ளும்படி உன் மாமியாரிடம் நான் கும்பிட்டுக் கேட்டதாகச் சொல்.

இதுவரை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வர வேண்டாம் என்ற இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு, அவ உங்க மேல கோவிச்சுக்குவா, நாஞ் சொல்லித்தான் எழுதுனதாப் போடுங்க என்றாள். அப்படியே போட்டிருக்கிறேன்.

பூவும் பொட்டுமாக, பிள்ளையும் கையுமாக நீ நீடூழி வாழ வேண்டும். குட்டை போல வீட்டில் எங்கும் தண்ணீரைத் தேங்க விடாதே, மறந்துவிடாதே.

உன் அம்மா மாரக்காள் சொல்ல,
அப்பா மாதப்பன் எழுதியது