கையேடு இல்லாமல் போன சோதனைத்தாள்

கோபம் பாதி, பாசம் பாதியாக நான் கூப்பிடும் ரேவதி அண்ணிக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு மழைக்காலம் முழுசாக முடிந்துவிட்டது. உங்களுக்கு எழுதவேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்து விட்டுவிட்டேன். இப்போது எழுத வைத்தது பாசம் என்று சொன்னால் பொய். மூன்று வாரம் உங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன் அண்ணி. அதை உங்களிடமே சொல்லிவிட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் முதலில் சொல்லப்போகிறேன், அங்கே உங்கள் கூட இருந்து கேட்கிறவர்களுக்காக. இந்தப் புனே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நூலகத்தில் பதினோரு வருடம் நாம் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மேசை. என்னைவிட உங்களுக்கு ஒரு வயது குறைவு, ஆனாலும் என் அண்ணனைக் கட்டியதால் நீங்கள் எனக்கு அண்ணி. யார் வந்து என்ன கேட்டாலும் எழுந்துபோய் எடுத்துக் கொடுப்பீர்கள். நான் எதற்கு என்று கேட்பேன், அடையாள அட்டை கேட்பேன், அதற்கப்புறமும் நம்பமாட்டேன். "கல்யாணி போலீஸ்ல சேர வேண்டியவ" என்று கான்டீன்காரர்வரை சொல்லிச் சிரிப்பீர்கள்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை ஓர் ஆள் வந்தார். நாற்பது வயது இருக்கும். தொழிற்சாலைச் சீருடைச் சட்டை, கையில் ஒரு நீலக் கோப்பு. ஒரு காகிதத்தில் ஆங்கிலத்தில் மூன்று எழுத்து எழுதிக் கொண்டுவந்திருந்தார். குழந்தைகளுக்கு வைக்கிற அறிவுச் சோதனை, அதன் வினாத்தாள் வேண்டும் என்று இந்தியில் கேட்டார்.

எனக்கு அப்போதே உறுத்தியது. நீங்கள் இல்லாத இந்த வருடத்தில் ஒன்று நடந்தது. ஆராய்ச்சி மாணவன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்து, இரும்பு பீரோவில் இருக்கும் சோதனைத்தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துப் போய்விட்டான். பிறகுதான் தெரிந்தது, பள்ளிச் சேர்க்கைக்குப் பயிற்சி கொடுக்கிற வகுப்பு நடத்துகிறவனாம். கேள்வி முன்னாலேயே தெரிந்துவிட்டால் அந்தச் சோதனை அதோடு செத்தது. திட்டு வாங்கியது நான். அதிலிருந்து பீரோச் சாவி என் இடுப்பில்.

"வினாத்தாள் பொதுமக்களுக்குக் கொடுக்கிறதில்ல. பயிற்சி எடுத்த ஆளுங்களுக்கு மட்டும்தான்," என்றேன். கோப்பைக் காட்டுங்கள் என்று கேட்டதும் அதை மார்போடு அணைத்துக்கொண்டார். மறைக்கிறவன் திருடன்தான் என்று தீர்மானித்துவிட்டேன்.

வாசல்வரை போய் நின்று யாருக்கோ போன் செய்தார். "குடுக்க மாட்டேங்கிறாங்கடி. என்னைப் பாத்தா சோர் மாதிரி, திருட்டுப்பய மாதிரி இருக்குதோ என்னமோ," என்று தமிழில் சொன்னது என் காதில் விழுந்தது. நீங்களாக இருந்தால் ஓடிப்போய்க் கையைப் பிடித்திருப்பீர்கள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நான் தமிழ் என்று பெயர்ப்பலகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டு வேண்டுமென்றே உரக்கப் பேசுகிறாரோ என்று தோன்றியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். நந்தினி. எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அவளைத் தள்ளியிருந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, கோப்பைத் தானாகவே என் முன்னால் திறந்து வைத்தார்.

"அன்னிக்கு ஏன் காட்டல?" என்று கேட்டேன்.

"இதுல என் புள்ளையப் பத்தி எழுதியிருக்குது மேடம். பக்கத்துல நாலு பேர் நின்னாங்க. அவங்க முன்னாடி எப்படித் தொறக்கிறது?"

பெயர் செல்வராஜ். சாகண் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்கிற இடத்தில் வேலை, வீடு லோஹேகாவ் பக்கம். பள்ளியில் நந்தினிக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். அறிவு வளர்ச்சி குறைவு, சிறப்புப் பள்ளிக்கு மாற்றுங்கள் என்று ஒற்றைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தீபாவளி விடுமுறைக்குள் மாற்றவேண்டுமாம்.

"அவ படிக்க லேட்டுதான் மேடம், நான் இல்லேங்கல. ஆனா வீட்டுல அவ பேசறதைக் கேட்டா... எனக்கு அந்தப் பேப்பரைப் பாக்கணும். அவ்ளோதான். அப்படி என்ன கேட்டுட்டாங்கன்னு பாக்கணும்."

தாளைப் படித்தேன். ஒரு மதிப்பெண், ஐந்து பகுதிகளின் பெயர், கீழே முத்திரை. எந்த வயதுக்கான சோதனை, எந்தப் பதிப்பு, எந்த மொழியில் வைத்தார்கள் என்பதெல்லாம் இல்லை. சோதனையின் பெயர்கூட முழுசாக இல்லை, அந்த மூன்று எழுத்துதான். இப்போது என் சந்தேகம் ஆளை விட்டுத் தாளுக்கு நகர்ந்தது.

நந்தினியிடம் போய், சோதனை எப்படி இருந்தது என்று சும்மா கேட்டேன். அவள் முதலில் அப்பாவைப் பார்த்தாள். "நீங்களும் டெஸ்ட் வெப்பீங்களா ஆன்ட்டி?"

"மாட்டேன்."

"மிஸ் மராத்தில படிச்சாங்க. கொஞ்சம் இங்கிலீஷ்ல சொன்னாங்க. தண்ணில எது போகும்னு கேட்டிருந்துச்சு. ஹோடின்னு போட்டிருந்துச்சு. நான் ஹோலின்னு நெனச்சு அதை விட்டுட்டேன். ஹோடின்னா என்னன்னு கேட்டேன், பேசக்கூடாதுன்னுட்டாங்க."

ஹோடி என்றால் மராத்தியில் படகு. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

செல்வராஜிடம் வினாத்தாள் தரமுடியாது, ஆனால் இது என்ன சோதனை என்று கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

ரெஃபரன்ஸ் நூல்கள் இருக்கும் குறிப்புதவிப் பகுதியின் கடைசி அலமாரிக்குப் போனேன். சோதனைகளைப் பட்டியல் போடுகிற தடித்தொகுதிகள், அவற்றை நிபுணர்கள் அலசி எழுதிய விமர்சனத் தொகுதிகள். யாரும் தொடாமல் தூசி படிந்து கிடந்தன. சுருக்கப் பெயர்களுக்கான அகரவரிசையில் பார்த்தால் அந்த மூன்று எழுத்தில் மூன்று சோதனைகள். ஒன்று பெரியவர்களின் குணத்தைப் பார்ப்பது. இன்னொன்று பள்ளிக்குப் போகாத சின்னக் குழந்தைகளுக்கானது. மூன்றாவது நம் மகாராஷ்டிராவிலேயே தயாரானது. அறிக்கையில் இருந்த ஐந்து பகுதிப் பெயரும் அதே வரிசையில் அதில் இருந்தன.

வயதைப் பார்த்தேன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை. மராத்தி வழியில் படிக்கும் மாணவர்களை வைத்து அளவு நிர்ணயித்தது.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். பிந்தைய பதிப்பில் வயதைக் குறைத்திருப்பார்களோ என்று அடுத்தடுத்த தொகுதிகளையும், நம் கல்லூரி ஆய்வேடுகளையும் இரண்டு நாள் புரட்டினேன். குறைக்கவில்லை. ஒரு பிள்ளையின் பள்ளியை மாற்ற இதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று ஒரு விமர்சகர் எழுதியே வைத்திருந்தார்.

இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பதை அந்தப் பள்ளியில் யாருமே பார்க்கவில்லையா? வினாத்தாள் இருந்தால், அதை எந்த வயதுக்கு, எப்படி வைப்பது என்று சொல்லும் கையேடும் கூடவே இருக்குமே. நம்மிடம் அந்தச் சோதனை இருக்கிறதா என்று பீரோவைத் திறந்தேன். இருந்தது. வினாத்தாள் உறை நைந்து போயிருந்தது. கையேடு மட்டும் வந்த நாளில் போட்ட பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் புத்தம் புதிதாக இருந்தது.

அப்புறம்தான் பீரோவின் பதிவேட்டை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை நினைக்கிறேன் அண்ணி.

ஏழு வருடத்துக்கு முந்தைய பக்கம். உங்கள் சாய்ந்த கையெழுத்து. அந்தப் பள்ளியின் பெயர், அங்கிருந்து வந்த ஓர் ஆசிரியையின் பெயர், இதே சோதனை. குறிப்பு என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறீர்கள்: நகல் ஒன்று, என் பொறுப்பில், ரேவதி. கையேடு வேண்டாம் என்றார்.

நகல் எடுக்கக் கூடாது என்று அந்தப் பதிவேட்டின் அட்டையிலேயே ஒட்டியிருக்கிறது. ஒட்டியதே நீங்கள்தானே?

அந்த வாரம் உங்கள் நாற்காலிப் பக்கம் திரும்பாமலே வேலை பார்த்தேன். அந்த ஆசிரியை உங்கள் தோழியா? பாவம் என்று கொடுத்தீர்களா? எனக்குத் தெரியாமல் இன்னும் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்று பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததையும் நான் நம்பவில்லை. என்னைப் போலீஸ் என்று சொல்லிச் சிரித்ததெல்லாம் இதை மறைக்கத்தானோ என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைமை நூலகரிடம் கொண்டுபோனேன். அவர் வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "ரேவதிஜீ இப்ப இல்ல. அவங்க பேரை எதுக்கு இழுக்கறீங்க? அந்தத் தொகுதியில இருக்கிற வயசை மட்டும் நகல் எடுத்து அந்தப் பெற்றோருக்குக் குடுங்க, போதும்," என்றார் இந்தியில்.

அதைத்தான் முதலில் செய்தேன். செல்வராஜ் அந்த நகலோடு பள்ளிக்குப் போனார். நாங்கள் வைத்தது இந்தச் சோதனையே இல்லை, இது வேறு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேறு என்றால் எது என்பதற்குப் பதில் இல்லை.

அன்று மாலை அவர் என்னிடம், "விட்டுடுங்க மேடம். மாத்திடறேன். அவளையும் எத்தனை நாள் அலைய வெக்கிறது?" என்றார். நந்தினி அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை அண்ணி.

மறுபடி தலைமை நூலகரிடம் போய், அந்தப் பதிவேட்டுப் பக்கத்தைப் பள்ளியில் காட்ட எழுத்தில் அனுமதி கேட்டேன். ஆசிரியையின் பெயரை மறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். உங்கள் பெயரை மறைக்க வழி இல்லை. அது அந்த வரியிலேயே இருந்தது.

பள்ளி முதல்வர் அறையில் நான், செல்வராஜ், முதல்வர் அம்மா. பதிவேட்டின் நகலை மேசையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, "இது யாரு ரேவதி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என் அண்ணி. எங்க நூலகத்துல வேலை பார்த்தாங்க. நகல் குடுத்தது அவங்க தப்பு. கையேடு இல்லாம ஏழு வருஷமா அதை வெச்சது யாரு தப்பு?"

அவர் நகலை என் பக்கம் தள்ளிவைத்தார். பிறகு, "எங்களுக்கு முன்னால இருந்தவங்க வெச்சுட்டுப் போனது. நாங்க அதையே தொடர்ந்தோம்," என்றார். குரல் இறங்கியிருந்தது. நந்தினியை மாற்றவேண்டிய அவசியமில்லை, தகுதியுள்ள ஒருவரிடம் புதிதாகச் சோதித்துப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். கையெழுத்து ஆகும்வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அரசு மருத்துவமனையில் ஓர் உளவியலாளர் அம்மா மூன்று நாள் வரவழைத்து, தமிழ் தெரிந்த ஒரு நர்ஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோதித்தார். நந்தினிக்கு அறிவுக் குறைபாடு இல்லை. எழுத்தைப் பிரித்துப் படிப்பதில் நிஜமாகவே சிரமம் இருக்கிறது, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்றார். செல்வராஜ் அந்த அறிக்கையை என்னிடம் காட்டிவிட்டு, "இதுல என்ன டெஸ்ட்டு, எந்த பாஷைன்னு எல்லாம் எழுதியிருக்குது மேடம்," என்றார். அந்த மனிதரும் என்னைப் போல ஆகிவிட்டார்.

இனி அண்ணன் விஷயம். கல்லூரியிலிருந்து யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள். கோர்படியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

"அவ செத்தும் அவளை விடமாட்டியாடி நீ? உனக்குச் சந்தேகப்பட வேற ஆளே கெடைக்கலையா?"

"ஒரு குழந்தைக்காகத்தாண்ணா..."

"அவளும் ஒருத்தருக்கு ஒதவத்தான் குடுத்திருப்பா. அது உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் சொல்லவில்லையே. அவன் போனதிலிருந்து என் போனை எடுப்பதில்லை.

ஆனால் இவ்வளவு சந்தேகத்துக்கு நடுவிலும் ஒன்று மட்டும் என்னை அசைத்தது அண்ணி. அந்த நகலை நீங்கள் யாருக்கும் தெரியாமல் கொடுத்திருக்கலாம். எழுதாமல் விட்டிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? என் பொறுப்பில் என்று எழுதி, கையேடு வேண்டாம் என்றதையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கே உங்களுக்கு உறுத்தியதா? அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நந்தினி இந்நேரம் வேறு பள்ளியில் இருப்பாள்.

என்னைத் தூங்கவிடாதது இன்னொன்று. ஏழு வருடம். அந்தத் தாளை வைத்து எத்தனை பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள்? கேட்டேன். பழைய கோப்புகள் இல்லை என்கிறார் முதல்வர் அம்மா. இருக்கின்றன என்று நான் நினைக்கிறேன்.

அந்தப் பெயர்களை எழுத்து மூலம் கேட்டு இரண்டு கடிதம் போட்டிருக்கிறேன். பதில் வரும்வரை மாதம் ஒன்று போடுவேன். பெயர் கிடைத்தால் வீடு வீடாகப் போவேன். உங்களைப் பற்றிக் கேட்கிறவர்களிடம், கொடுத்தது நீங்கள்தான் என்பதையும் சொல்வேன், எழுதிவைத்ததும் நீங்கள்தான் என்பதையும் சொல்வேன். ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்லமாட்டேன், அண்ணனே வந்து கேட்டாலும். இது உங்கள்மேல் சத்தியம்.

உங்களை இன்னும் முழுசாக நம்பாத,
விட்டுக்கொடுக்கவும் முடியாத
உங்கள் நாத்தனார்
கல்யாணி