என் பேரில் ஒரு கொறங்காடு

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

மனுவைக் கொடுத்துவிட்டேன். 

காங்கயத்துப் பக்கம் அப்பா என் பங்காக எழுதிவைத்த ஐந்து ஏக்கர் கொறங்காடு. உழாத மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நாலைந்து வெள்வேல மரம். அதைத் தொடாமல் இப்படியே வைத்திருந்தால் வருடா வருடம் அரசாங்கம் ஊக்கத்தொகை தருமாம். என் வீட்டுக்காரர் நம்பவே இல்லை.

"சும்மா கெடக்கறதுக்கு எவன் காசு குடுப்பான்? சோலார்காரங்க குத்தகைக்குக் கேட்டுட்டு நிக்கறாங்க. உன்ற காடு, உன்ற இஷ்டம். ஆனா ஆபீசர் வந்து பார்த்து வேண்டாம்னுட்டா சோலாருக்குக் குடுத்தரோணும், சரியா?"

சரி என்று தலையாட்டிவிட்டேன்.

13 ஆகஸ்ட்

ஏன் ஆட்டினேன்?

19 ஆகஸ்ட்

சிங்காநல்லூரில் பஸ் ஏறிக் காட்டுக்குப் போய் வந்தேன். சுப்பண்ணன் மாடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். வருடா வருடம் மேய்ச்சலுக்கு எடுப்பவர் அவர்தான். விஷயம் எப்படியோ காதுக்குப் போயிருக்கிறது.

"ஏனுங்க அம்மணி, சோலார்காரங்க கம்பி கட்டிப்போட்டா இதுகளை ஓட்டிக்கிட்டு நான் எங்க போறதுங்க?"

"பார்க்கலாமுங்க" என்றேன்.  

கணபதியில் நாங்கள் இருக்கிற வீடு இவர் பேரில். லேத் பட்டறை இவர் பேரில். கேஸ் சிலிண்டர்கூட இவர் பேரில்தான். என் பேரில் இருப்பது இந்த முள்ளுக்காடு ஒன்றுதான். சோலாருக்குக் கொடுத்தால் இருபத்தைந்து வருடம் உள்ளே கால் வைக்க முடியாது. அப்புறம் நான் இருப்பேனோ இல்லையோ.

29 ஆகஸ்ட்

போன் வந்தது. வருகிற வியாழன் ஆய்வு. வர்ஷினி என்று ஒரு மேடம் வருகிறாராம்.

 சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு இவரிடம் புலம்பித் தீர்த்தேன். "முள்ளும் பொதருமா கெடக்குதுங்க. அந்தம்மா கால் வெப்பாங்களா? பாம்பு கீம்பு வந்துட்டா? மாட்டுச் சாணியை மிதிச்சுட்டா?" இவர் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். பிறகு வாசலில் கிடந்த செருப்புகளை வரிசைப்படுத்தி வைத்தார். எந்நேரமும் எதையாவது துடைத்துக்கொண்டும் அடுக்கிக்கொண்டும் இருக்கிற மனுஷன். பட்டறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

3 செப்டம்பர்

பட்டறையைப் பூட்டிவிட்டு விடியற்காலையில் எங்கோ பைக்கில் போனார். பொழுது சாய்ந்து வந்தார். சட்டையெல்லாம் செம்மண். கேட்டால் சிரிக்கிறார். இந்த வயசில் இவருக்கு என்ன சிரிப்பு?

5 செப்டம்பர், வியாழன்

எழுதவே கை வரவில்லை.

இவர் காட்டில் ஜேசிபி விட்டிருக்கிறார். மூன்று பக்கத்துக் கிளுவை வேலியையும் பிடுங்கி ஓரமாகக் குவித்து, புல்லை வழித்து, மொட்டைச் செம்மண்ணாக்கி, நுழைகிற இடத்திலிருந்து உள்ளே வரைக்கும் இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டிருக்கிறார். மந்திரி வருகிற மாதிரி! வெள்ளைச் சட்டையில், பொள்ளாச்சி இளநீரைச் சீவிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். என்னைப் பார்த்து, எப்படி இருக்கு என்று கண்ணாலேயே கேட்கிறார்.

மேடம் ஜீப்பை விட்டு இறங்கியவர் இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டார்.

"அண்ணா, இந்த வேலிக்கும் புல்லுக்கும்தானுங்க காசே. அதை எடுத்துப்போட்டு என்னைக் கூப்பிட்டிருக்கீங்களே?"

இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இளநீரை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. மேடம் நல்ல பெண். வாங்கிக் குடித்தார். "புல்லு மழைக்கு வந்துருமுங்க. வேலியைத் திரும்ப நட்டு உசிர் புடிச்சிருந்தா அடுத்த வருசம் மறு ஆய்வு கேளுங்க. இந்த வருசம் முடியாதுங்க" என்று சொல்லி, எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சுப்பண்ணன் மாடுகளை மிச்சம் இருந்த வேலி ஓரமாக ஓட்டிக்கொண்டு போனார்.

6 செப்டம்பர்

நேற்று இரண்டு பேரும் கத்தித் தீர்த்துவிட்டோம்.

"யார் கேட்டா உங்களை?"

"நீதானே பொலம்பினே! ஒறம்பரை வாரப்ப வாசலைக் கூட்டாம உடுவாங்களா?"

விருந்தாளி வருகிறார் என்று காட்டையே கூட்டிவிட்ட மனுஷனை என்ன செய்ய? எனக்காகச் செய்திருக்கிறார். அதுதான் இன்னும் எரிகிறது. பாவி மனுஷா, இருபத்தெட்டு வருடத்தில் எனக்காக ஒரு நாள் லேத்தைப் பூட்டினீர்கள், அதுவும் இதற்கா?

14 செப்டம்பர்

எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை. சோலார்காரர் பவன் நாளைக்கு வீட்டுக்கு வருகிறாராம். நான் தலையாட்டியது ஆட்டியதுதானே.

15 செப்டம்பர்

அடுக்களையை விட்டு நான் வெளியே வரவில்லை. காபி கலந்துகொண்டிருந்தேன். பவன் ஏதேதோ விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு இவர் குரல் கேட்டது.

"காடு என்ற ஊட்டுக்காரியுதுங்க. அவ குடுக்கமாட்டாங்க."

கொடுக்கமாட்டேன் என்று நான் இவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. காபியைக் கொண்டுபோய் வைத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன் போல. பவன் பாதியில் வைத்துவிட்டுப் போனார். இவர் முழுசும் குடித்தார்.

20 அக்டோபர், ஞாயிறு

நல்ல மழை. மூன்றாவது ஞாயிறாக இவரும் சுப்பண்ணனும் கிளுவைக் குச்சி நடுகிறார்கள். இவர் நூல் பிடித்து நடுகிறார். "வேலி கோணலா இருந்தா ஆகாதுங்களா?" என்று சுப்பண்ணன் சிரிக்கிறார். இவர் உள்ளங்கையில் ஏறிய முள்ளை எடுத்துவிட்டேன். குச்சி வேர் பிடிக்குமா? பாதியாவது பிடிக்குமா?

2 மார்ச் 2025

தெற்கு ஓரம் நிறையக் காய்ந்துவிட்டது. கேட்டதும் மறுபடி குச்சி வெட்டக் கிளம்பிவிட்டார். மழை வரட்டும் என்று பிடித்து நிறுத்தினேன்.

8 செப்டம்பர் 2025

நாளைக்கு மறு ஆய்வு. புல் முழங்கால் உயரம். வேலி துளிர்த்திருக்கிறது, ஆனால் அங்கங்கே ஓட்டை. மேடம் என்ன சொல்வாரோ? "காடு கரடுமுரடா..." என்று சாப்பிடும்போது ஆரம்பித்துவிட்டேன். சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு இவரைப் பார்த்தேன்.

இவர் எழுந்து போய், ஆணியில் மாட்டியிருந்த பைக் சாவியை எடுத்து வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சாவி உன்றகிட்டயே இருக்கட்டும். நாளைக்கு நீயே பஸ்ல போயிட்டு வா. நான் லேத்தை உட்டு நகரலை."

9 செப்டம்பர்

காடு ஊக்கத்தொகைக்குத் தகுதி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்! பஸ் ஏறும் முன்னே இவருக்குப் போன் போட்டேன்.  லேத்தை நிறுத்தினார்.

"அப்ப சாவியக் குடுத்தர்றயா அம்மணி?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.