பத்து நாள் தண்ணீர் ஊற்றக் கூடாது

ஜூன் 8, ஞாயிறு

காலை 5.40 நடை. பி.பி. மாத்திரை போட்டாயிற்று. தெருச் சங்கக் கூட்டத்துக்குப் போயிருக்கக் கூடாது.

எங்கள் தெருக்கோடியில் இத்தனை நாள் குப்பை கொட்டிவந்த அறுபதடி மூலையை மாநகராட்சி சுத்தம் செய்து கொடுத்திருக்கிறது. தெருக்காரர்களே தோட்ட வேலை கற்றுக்கொண்டு அதை அழகாக்க வேண்டுமாம். நாற்பது செடிகள். அக்டோபர் ஐந்தாம் தேதி வந்து எண்ணுவார்கள். முப்பது செடியாவது உயிரோடு இருந்தால் அது தோட்டம். இல்லாவிட்டால் டூவீலர் ஸ்டாண்ட்.

மாநகராட்சியிலிருந்து வந்திருந்த யாழினி என்ற பெண், "யாருங்க சொல்லிக் குடுப்பீங்க?" என்று கேட்டார். முனையில் இட்லிக் கடை போடும் சகாயம்மாள் என்னைக் கை காட்டினார். "நம்ம புரொபசர் சார் இருக்காருல்ல. செடிக்குன்னே காலேஜ்ல இருந்தவரு."

நான் புரொபசர் இல்லை. எம்.எஸ்சி. தாவரவியல் முடித்துவிட்டு, கல்லூரி ஹெர்பேரியத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். பறித்து வந்த செடிகளைச் செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டிப் பெயர் எழுதுவது. எனக்குத் தெரிந்த செடிகள் எல்லாம் செத்தவை. இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன் — "சரிங்க" என்று வந்தது.

ஜூன் 9

செல்லக்கிளியிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. "ஏங்க, நம்ம வீட்டுக் கருவேப்பிலையக் கொன்னது மூணு தடவைங்க. மூணு!"

ஜூன் 22, ஞாயிறு

முதல் வகுப்பு. பதினான்கு பேர். குறிப்பு இருபத்திரண்டு பக்கம் தயார் செய்திருந்தேன். ஒன்பதாம் பக்கத்தில், வேரின் உள்ளமைப்பு, இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். டெய்லர் ஆபிதா கை தூக்கினார். "சார், இதெல்லாம் அந்தச் செடிக்குத் தெரியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசி வரிசையில் அவர் கணவர் கியாசுதீன் மட்டும் சிரிக்கவில்லை. ஷார்ஜாவில் இருபத்திரண்டு வருடம் கம்பெனி சூப்பர்வைசராக இருந்து திரும்பியவர். இந்த வெயிலிலும் முழுக்கை இஸ்திரிச் சட்டை. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டுபிடித்துவிட்டாரோ?

ஜூலை 6, ஞாயிறு

செடி வாங்க சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் பக்கத்து நர்சரிக்குப் போனோம். நான், கியாசுதீன், சகாயம்மாள். இட்லிப்பூ, நந்தியாவட்டை, செம்பருத்தி, காகிதப்பூ. நான் பட்டியலைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தபோது கியாசுதீன் ஒரு தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பில் ஒரு தட்டு தட்டி, செடியை மண்ணோடு கையில் வாங்கினார். வேரைப் பார்த்தார். "இது வேணாம்." இன்னொன்று. "இதுவும் வேணாம்."

எப்படித் தெரியும் பாய் என்று கேட்டேன். "சும்மாதான் சார்" என்று கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

ஜூலை 13, ஞாயிறு

நட்டாயிற்று! நாற்பதும்! சகாயம்மாள் எல்லோருக்கும் இட்லி கொடுத்தார். மண் கையோடே சாப்பிட்டோம். ஒவ்வொரு செடிக்கும் பெயர் அட்டை எழுதிக் கட்டினேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. எந்த வீடு எந்தச் செடிக்கு எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அட்டவணை போட்டு மதிலில் ஒட்டினேன். பிழை இல்லாத அட்டவணை. இரண்டு தடவை சரிபார்த்தேன்.

ஜூலை 29

இலைகள் மஞ்சளாகித் தொங்குகின்றன. என்ன சொல்வது? வாடினால் தண்ணீர் போதவில்லை என்றுதானே அர்த்தம். ஒரு வேளையை இரு வேளை ஆக்கி அட்டவணையை மாற்றி ஒட்டினேன்.

ஆகஸ்ட் 5

மூன்று போய்விட்டன.

ஆகஸ்ட் 7

எட்டு. மீதி முப்பத்திரண்டு. இன்னும் மூன்று போனால் டூவீலர் ஸ்டாண்ட். கருவேப்பிலையைக் கொன்ற கை, ஒரு தெருவையே கொல்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நடைக்குப் போனவன் மூலையில் நின்றுவிட்டேன். சுபுஹு தொழுகை முடித்து வந்த கியாசுதீன் மண்ணில் குந்தியிருந்தார். இஸ்திரிச் சட்டை மடித்து மதில்மேல் இருந்தது. பனியன் மட்டும். விரலை முழுதாக மண்ணுக்குள் விட்டு எடுத்து முகர்ந்தார். என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். பிறகு, சரி போகட்டும் என்பதுபோல அந்த விரலை என் பக்கம் நீட்டினார்.

"நாறுது பாருங்க சார். வேர் மூச்சு முட்டிக் கெடக்கு. ஒரு செடிக்கு அஞ்சு வீட்டுத் தண்ணி."

ஒரு செடிக்கு ஒரு வீடு என்றுதானே அட்டவணை?

"அடுத்த வீட்டுக்காரங்க ஊத்தியிருப்பாங்கன்னு யாரு சார் நம்புவா? சகாயம்மா அரிசி களைஞ்ச தண்ணி. எங்க வீட்டுல கறி கழுவுன தண்ணி. பாசத்துல ஊத்துறாங்க. வாடுனா இன்னும் ஊத்துறாங்க. நீங்க வேற ரெட்டிப்பாக்கிட்டீங்க."

நான்தான். நானேதான்.

அப்புறம் அவரே சொன்னார். சூப்பர்வைசர் இல்லையாம். இருபத்திரண்டு வருடமும் அங்கே ரவுண்டானாக்களிலும் சாலை நடுவிலும் பூச்செடி வளர்த்த தோட்டக்காரர். "ஆபிதாவுக்கே தெரியாது சார். ஏசி ரூம்ல உக்காந்திருக்கேன்னு சொல்லிட்டேன். அப்படியே போயிருச்சு. நீங்க சொன்னதாவே சொல்லிருங்க — பத்து நாள் யாரும் ஒரு சொட்டு ஊத்தக் கூடாது."

சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினேன். புரொபசர் அல்லாதவன், சூப்பர்வைசர் அல்லாதவருக்கு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அறிவித்தேன். கலவரம். "பச்சப் புள்ளையப் பட்டினி போடச் சொல்றீங்களா சார்?" — சகாயம்மாள். நான் விடவில்லை. அட்டவணையைக் கிழித்துவிட்டு, தண்ணீர் வடிய இரண்டு கால்வாய் வெட்டினோம். எங்கே வெட்ட வேண்டும் என்று கியாசுதீன் செருப்பு நுனியால் காட்டினார். நான் காட்டுவதுபோல் காட்டினேன்.

ஆகஸ்ட் 14

மூலையில் சகாயம்மாள், கையில் சொம்பு. என்னைப் பார்த்ததும் அப்படியே அண்ணாந்து தானே குடித்துவிட்டு, "வெயிலு சார்" என்றார். அது அரிசி களைந்த தண்ணீர்!

ஆகஸ்ட் 20

இட்லிப்பூவில் துளிர். ஒன்றில் இல்லை, ஆறில். தெருவே வந்து பார்த்தது. எனக்குத்தான் எல்லோரும் கை கொடுத்தார்கள். கை கூசியது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எனக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாக யாரும் முன்னாடியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜுரம் என்று படுத்திருப்பேன்.

சகாயம்மாள் அதைப் பிரித்துக்கொண்டு வந்தபோது வாய் தானாகத் திறந்தது. இந்தத் தடவை "சரிங்க" வரவில்லை. நான் புரொபசர் இல்லைங்க என்றேன். செத்த செடிக்குப் பெயர் எழுதியவன் என்றேன். தண்ணீரை இரட்டிப்பாக்கியது நான், நிறுத்தச் சொன்னது நான் இல்லை என்றேன்.

"அப்ப யாரு சொன்னது?"

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனே. நின்றேன்.

ஆபிதா எழுந்தார். "சார் பாவம், ஏன் இப்படி முழிக்கிறாரு? இவருதான். எங்க வீட்டுக்காரரு. ஷார்ஜாவுல தோட்ட வேலைதானே பாத்தாரு."

கியாசுதீன் முகம் வெளுத்துவிட்டது. "உனக்கு... எப்படி?"

"மொத லீவுலயே தெரியும். ஏசி ரூம்ல உக்காந்தவருக்குக் கழுத்து மட்டும் எப்படிக் கறுக்கும்? காலர் அளவு எடுக்குறவ நான். நகத்து மண்ணு போவ நாலு நாளாச்சு."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுப் போட்டு எனக்குத்தான் கை வலி."

கியாசுதீன்தான் முதலில் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நான் பொன்னாடையை வாங்கி அவர் தோளில் போட்டேன். அரைமணி நேரத்தில் அது இடுப்புக்கு இறங்கியிருந்தது. காகிதப்பூவுக்கு மண் கிளறிக்கொண்டிருந்தார்.

சகாயம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் இருக்கட்டும் சார். புரொபசர்னு கூப்புட்டுப் பழகிருச்சு. இனிமே மாத்த முடியாது."

ஆகஸ்ட் 25

நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கியாசுதீன் வகுப்பு. குறிப்பு கிடையாது. யாரும் தூங்கவில்லை, ஏனென்றால் யாரும் உட்காரவில்லை. வரிசையாகக் குந்தி ஆளுக்கொரு விரலை மண்ணில் விட்டோம். "என்ன சொல்லுது சார்?" என்று என்னைக் கேட்டார். ஈரமா, குளிர்ச்சியா, புரியவில்லை. "தெரியலைங்க" என்றேன். எவ்வளவு சுலபமான சொல்! "அப்ப இன்னொரு தடவை விடுங்க."

அக்டோபர் 5, ஞாயிறு

யாழினி வந்தார். எண்ணினார். சகாயம்மாள் கூடவே வாய்விட்டு எண்ணியதில் கணக்குத் தப்பி, மறுபடி முதலிலிருந்து. முப்பத்தொன்று. ஒன்று போனது போன வாரம், ஆட்டுக்குட்டி வாயில். செம்பருத்தியில் நான்கு பூ.

"ஸ்கூட்டிய எங்கங்க நிறுத்தட்டும்?" என்றார் யாழினி.

"எங்க வேணா நிறுத்துங்க மேடம், இந்த மூலையத் தவிர" என்றார் ஆபிதா.

அக்டோபர் 12, ஞாயிறு

அடுத்த தெருக்காரர்களுக்கும் இன்று முதல் வகுப்பு. வாசலில் கட்டிய அட்டையை நான்தான் எழுதினேன்: 'சொல்லிக் கொடுப்பவர்: கியாசுதீன், தோட்டக்காரர்.' அப்படித்தான் எழுத வேண்டும் என்று அவரே நின்று சொன்னார். அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். வருகைப் பதிவேட்டில் என் பெயர் பதினேழாவது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் கருவேப்பிலைக் கன்று. நான்காவது. செல்லக்கிளி வாங்கி வைத்துவிட்டு, குளியலறைக் குவளையை எங்கோ ஒளித்திருந்தாள்.

குவளையைத் தேடவில்லை. குந்தி உட்கார்ந்து விரலை விட்டேன். நேற்றைய மழை உள்ளே இருந்தது.

ஊற்றவில்லை.