வாங்க என்று சொல்லாத வீடு

ஜார்ஜ்டவுன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஷர்மினிக்கு அப்பா எழுதுவது. எழுத்து மேலும் கீழுமாக ஏறி இறங்கிப் போகிறது, பொறுத்துக்கொண்டு படி. கோயில் மண்டபத்து வகுப்பில் தனுஜா டீச்சரிடம் எழுத்துக் கூட்டப் பழகி, இந்த வயதில் என் கையாலேயே எழுதும் முதல் கடிதம் இது. உன் பெயரை எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு சந்தோஷம். நான் மூச்சு வாங்கினாலும் நடமாடிக்கொண்டிருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும்.

சந்தோஷம் அந்த வரியோடு சரி. நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மாமியார் அரோஹா அம்மா இத்தனை வருஷம் நகர மன்றத்தில் உட்கார்ந்து பேசிய அந்த இடம், அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கென்று வைத்த இடம், இனி வேண்டாம் என்று ஊரே வாக்குப் போட்டுவிட்டதாமே. தோற்றிருந்தால் அடுத்த முறை பார்க்கலாம், நாற்காலியையே தூக்கிவிட்டால் ஒரு மனுஷி எங்கே போய் நிற்பது. சுங்கை பாக்காப்பில் நாம் வேலை செய்து குடியிருந்த தோட்டத்தை விற்றபோது நம்மை யாரும் கேட்கவே இல்லை, அங்கே கேட்டுவிட்டுச் செய்திருக்கிறார்கள், எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு, அவர்கள் கூடும் மராயே என்ற பொது மண்டபத்து வாசலில் நின்று வருகிறவர்களைக் குரல் கொடுத்து அழைக்கவும் மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார் என்றாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. என் குரல் வேண்டாம் என்றுவிட்டார்கள், இனி யாரை நான் கூப்பிட என்று கேட்டாராம்.

உன் அம்மா இறந்த அன்று நீ உள்ளே அவள் காலடியில் கிடந்தாய், வெளியே நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. அப்போது உங்களோடு ஊருக்கு வந்து விடுதியில் தங்கியிருந்த சம்பந்தியம்மா கறுப்பு உடுத்தி, கீழே தொட்டியில் பறித்த இலையைத் தலையில் சுற்றிக்கொண்டு லிப்ட் பக்கத்திலேயே நின்றுவிட்டார். தாடையில் குத்தியிருந்த பச்சையைப் பார்த்துப் பிள்ளைகள் ஒதுங்கின. உள்ளேயிருந்து ஒரு பெண் கூப்பிட்டால்தான் அம்மா வருவார், எங்கள் வழக்கம் என்றார் மாப்பிள்ளை. நம் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உன் சித்தி புஷ்பவள்ளி, "சாவு வீட்டுல எவளாச்சும் வாங்கன்னு சொல்லுவாளா, சும்மா வரச் சொல்லுங்க லா" என்று கடுகடுத்தாள். அவர் அசையவில்லை, நாமும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு ரொஸ்னாதான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே போய், "வாங்கம்மா, உள்ள வாங்க, அக்கா உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கு" என்றாள். உடனே சம்பந்தியம்மா பதில் குரல் எடுத்தார். உன் அம்மா பெயரைச் சொல்லி அவர் நீட்டிய நீட்டலில் மாடி மாடியாகக் கதவு திறந்தது. கடுகடுத்த புஷ்பவள்ளிதான் முதலில் உடைந்து அழுதாள்.

அந்தக் குரல் இப்போது வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறது. விமானம் ஏறவே கூடாது என்று இருதய டாக்டர் சொல்லிவிட்டார், அங்கே வந்து பார்க்க எனக்கு வழியில்லை. நான் கண்ணை மூடும் நாளில் அவர் நம் லிப்ட் வாசலில் நிற்பார், ரொஸ்னா கூப்பிடுவாள் என்று எண்ணி வைத்திருந்தேன், அதுவும் போயிற்று போலிருக்கிறது. நீ அவருக்குப் புத்தி சொல்லாதே, வாக்கைப் பற்றிப் பேசாதே. இஞ்சி தட்டிப்போட்டு டீ வைத்துக்கொடுத்துப் பக்கத்தில் இரு. குளிரில் காதை மூடிக்கொள்.

இதை மட்டும் அவருக்கு எடுத்துச் சொல். இன்று இங்கே பிணம் இல்லை, விளக்கு எரிகிறது, ஆகையால் நானே சொல்லலாம். சம்பந்தியம்மா, வாங்க. இதனால் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறும் எழுதுவேன், அதே சொல்லைத்தான் எழுதுவேன்.

நீயும் மாப்பிள்ளையும் மனம் பிரியாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

உன் அப்பா
அய்யாக்கண்ணு