இடது பக்கத்து பிரேக்

ஜனவரி 19, திங்கள்

என்னிடம் கார் ஓட்டக் கற்கும் பிலோமி டீச்சர் இன்றும் வேகத்தடையைப் பார்க்கவில்லை. என் பக்கத்து பிரேக்கை நான் மிதித்தேன். வண்டி நின்றதும், "நானே பிடிச்சிட்டேன் பாத்தீங்களா மேடம்" என்று பூரித்துப்போனார். சரி, சந்தோஷமாக இருக்கட்டும். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இடது பக்கமும் ஒரு பிரேக் வைத்திருப்பது என்னைப் போன்றவர்கள் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான். இத்தனை வருஷத்தில் அது கெட்ட பழக்கமாகிவிட்டது. எந்த வண்டியில் ஏறினாலும் வலது கால் தரையில் எதையோ தேடும். பஸ்ஸில்கூட எனக்குத் தூக்கம் வராது.

மத்தியானம் நாசரேத்திலிருந்து டாக்டர் மகள் ஏஞ்சலின் போன் பண்ணினாள். அப்பாவின் பேலியோ காரை விற்கப் போகிறாளாம், எங்களுக்கு வேண்டுமா என்று கேட்டாள்.

சிவப்பு ஃபியட் பேலியோ, 1.6. பார்த்தால் சின்ன வண்டி, இன்ஜின் பெரிய வண்டியுடையது. லாரி ஓட்டப் போவதற்கு முன் என் வீட்டுக்காரர் ராஜபாண்டி அந்த டாக்டருக்கு ஆக்டிங் டிரைவராக இருந்தார். கல்யாணமான புதிதில் என்னிடம் பேசியதெல்லாம் அந்த வண்டியைப் பற்றித்தான். எனக்கே பொறாமையாக இருக்கும்.

இப்போது எந்த வண்டியைப் பற்றியும் பேசுவதில்லை. மூன்று வருஷத்துக்கு முன் முள்ளக்காடு திருப்பத்தில் உப்பளத்துக்காரர் ஒருவர் சைக்கிளோடு இவருடைய கண்டெய்னர் லாரிக்குக் குறுக்கே வந்துவிட்டார். உயிர் பிழைத்தார், ஒரு கால் போய்விட்டது. ராஜபாண்டி மேல் தப்பில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. ராஜபாண்டிதான் இன்னும் சொல்லவில்லை. லைசென்ஸை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, உப்பு குடோனில் கேட் திறந்து மூடுகிறார். ஷேர் ஆட்டோவில்கூட டிரைவர் பக்கத்தில் உட்காரமாட்டார், பின் சீட்டுதான்.

ஜனவரி 22, வியாழன்

இவரிடம் வண்டி விஷயத்தைச் சொன்னேன். "யாரு ஓட்ட?" என்றார். அவ்வளவுதான்.

ஜனவரி 25, ஞாயிறு

தனியாகவே நாசரேத் போய் வந்தேன். டாக்டர் வீட்டு ஷெட்டில் வண்டி தூசி மூடி நிற்கிறது. டயர் வெடித்துக் கிடக்கிறது, பேட்டரி செத்துவிட்டது, எலி சீட்டைக் கடித்திருக்கிறது. ஆனால் அடியில் படுத்து ஸ்பேனரால் தட்டிப் பார்த்தேன் — கணீர் கணீரென்று சத்தம், துருவே இல்லை. எங்கள் கடலோர ஊர் வண்டியென்றால் இந்த வயதுக்கு உப்புக்காற்று தின்று, தட்டினாலே உதிர்ந்திருக்கும்.

ஏஞ்சலின் காபி கொடுத்துவிட்டு ஒரு கண்டிஷன் போட்டாள். "திருநெல்வேலில ஒருத்தன் கேக்கான். பெயின்ட் மாத்தி ரேஸ் விடப் போறானாம். எனக்கு மனசு வரல. ராஜபாண்டி அண்ணன் வந்து அவங்க கையால எடுத்துட்டுப் போனா தாரேன். நீங்க ஓட்டிட்டுப் போகவாண்டாம் அக்கா. அப்பா போறதுக்கு முந்தி அவங்களைத்தான் கேட்டாங்க."

வேறு கண்டிஷன் எதுவாக இருந்தாலும் சமாளித்திருப்பேன். இவரை ஸ்டீயரிங் பிடிக்க வைக்க நான் எங்கே போவேன்? ஆனால் பஸ்ஸில் வரும்போது ஒன்று உறைத்தது. இந்த வண்டிக்கு மசியாதவர் வேறு எதற்கும் மசியமாட்டார். இதுவும் போனால் அவ்வளவுதான். காலம் முழுக்க கேட்தான்.

ஜனவரி 30, வெள்ளி

மெக்கானிக் சிவனாண்டியை நாசரேத்துக்கு அனுப்பினேன். டயர், பேட்டரி, டைமிங் பெல்ட், பிரேக் ஹோஸ் எல்லாம் மாற்றச் சொல்லியாகிவிட்டது. கடைசியில் இன்னொன்றும் சொன்னேன் — இடது பக்கம் ஒரு பிரேக் பெடல் வை, நம்ம ஸ்கூல் வண்டி மாதிரி.

"இந்த வண்டிக்கா?" என்றான். "அண்ணாச்சிக்குத் தெரியுமா யக்கா?"

"வையின்னா வை."

ஏன், இதில் என்ன தப்பு? முள்ளக்காடு வழியாகத்தான் வர வேண்டும். அந்தத் திருப்பத்தில் அவருக்குக் கை கால் விறைத்துப்போனால் நான் என்ன, வேடிக்கை பார்ப்பதா?

பிப்ரவரி 4, புதன்

காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றவர், "அந்த வண்டில டிரைவர் பக்கத்துக் கண்ணாடி பாதிக்கு மேல எறங்காதே. சிவனாண்டி சரி பண்ணினானா?" என்றார்.

சட்டையைக் கருக்கிவிட்டேன்.

டாக்டர் ஒருநாள் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாராம். இவர்தான் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பி அந்தக் கண்ணாடியைக் கெடுத்தாராம். சொல்லும்போது சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அவராகவே சொன்னார். பீரோ சாவியையும் கேட்டார். பெடலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அந்தச் சிரிப்பைக் கெடுப்பானேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கெடுத்தாயிற்று.

வண்டி கழுவி, பொட்டு வைத்து நின்றது. இவர் ஒருதரம் சுற்றி வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தார். சீட்டை முன்னே இழுத்தார், கண்ணாடியைத் திருப்பினார். சாவியைப் போட்டார். நான் முன் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் இடது பக்கம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னளா?"

"சும்மா... ஒரு பாதுகாப்புக்கு."

"யாருக்குப் பாதுகாப்பு?"

குனிந்து எலுமிச்சம்பழத்தை நேராக்கினேன். ஊரெல்லாம் கிளாஸ் எடுக்கிற வாய்.

சாவியை எடுத்து டேஷ்போர்டு மேல் வைத்துவிட்டு இறங்கினார். "நான் ஆளை அடிச்சிருவேன்னு நீயே நெனச்சிட்ட. பெறவு ஊரைச் சொல்லி என்ன செய்ய." சத்தமே போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. ஏஞ்சலின் பக்கம் திரும்பி, "வாரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

நான் பின்னாலேயே ஓடினேன். பஸ்ஸில் ஆளுக்கொரு சீட். ஏஞ்சலின் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள்: அடுத்த ஞாயிறு வரைக்கும் பார்ப்பாளாம், அதற்கு மேல் அந்தத் திருநெல்வேலிக்காரனிடம் கொடுத்துவிடுவாளாம். அவளைக் குறை சொல்ல முடியாது.

எனக்கும் கோவம் வருது. மூணு வருஷமா பக்கத்துல இருந்து பாத்தது யாரு? தூக்கத்துல கால உதறும்போதெல்லாம் பிடிச்சுக்கிட்டது யாரு? ஒரு பெடல் வச்சது அவ்வளவு பெரிய குத்தமா? — வச்சிருக்கக் கூடாதுதான். தெரியுது.

பிப்ரவரி 10, செவ்வாய்

தட்டில் வைத்ததைச் சாப்பிடுகிறார், கேட்டுக்குப் போகிறார், வருகிறார். லைசென்ஸ் மறுபடி பீரோவுக்குள் போய்விட்டது.

பிப்ரவரி 12, வியாழன்

பிலோமி டீச்சர் லைசென்ஸ் டெஸ்டில் ஃபெயில். டெஸ்ட் எடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் இடது பக்கம் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, "அந்தக் கல்லுக்கு முன்னால நிறுத்துங்க" என்றிருக்கிறார். வண்டி நேராகக் கல்லில் போய் முட்டி நின்றது. நல்லவேளை, அடி ஒன்றுமில்லை.

அழுதுகொண்டே வந்தார். தண்ணீர் கொடுத்து, ஏன் பிரேக் பிடிக்கவில்லை என்று கேட்டேன்.

"எப்பவும் நிக்குமே மேடம். அதே மாதிரி நின்னுரும்னு இருந்துட்டேன்."

டீச்சர் போனபிறகு ஸ்கூல் வண்டியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதமாக அந்த அம்மாவுக்காக பிரேக் பிடித்தது நான்தான். கற்றுக்கொடுத்தது என்று ஒன்றும் இல்லை. வெட்கமாக இருந்தது. சிவனாண்டிக்குப் போன் போட்டு, பெடலைக் கழற்றிவிடு, போல்ட் போட்ட ஓட்டையையும் அடைத்துவிடு என்றேன். "அப்பவே சொன்னேன்லா" என்று ஆரம்பித்தான். வைத்துவிட்டேன்.

சாயங்காலம் இவரிடமும் சொன்னேன். "கழட்டச் சொல்லிட்டேன். இனி உங்க இஷ்டம்." செய்தித்தாளைக் கீழே இறக்கவே இல்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

குளித்துவிட்டு வந்தால் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார். சட்டைப் பையில் லைசென்ஸ். பஸ்ஸில் நாசரேத் போனோம்.

ஷெட்டில் முதலில் இடது பக்கக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். அப்புறம்தான் ஸ்டீயரிங் பக்கம் வந்து உட்கார்ந்தார். முதல் தடவை வண்டி அணைந்தது. இரண்டாவது தடவையும். மூன்றாவதில் கிளம்பியது. ஏஞ்சலின் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஏரல் பாலம் வரை மாட்டுவண்டி மாதிரி வந்தார். பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்தான். பாலம் தாண்டி வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ரோடு காலியாகக் கிடந்தது. மூன்றாவது கியர் போட்டு லேசாக அழுத்தினார், அவ்வளவுதான் — என் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. பாதி இறங்கிய கண்ணாடி வழியே காற்று அறைந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன், அவர் உதடு லேசாக விரிந்திருந்தது. எனக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

முக்காணி, பழையகாயல். உப்பளம் தெரியத் தொடங்கியதும் வேகம் தானாகக் குறைந்தது. முள்ளக்காடு வந்தபோது அவர் கழுத்தெல்லாம் வேர்வை. எதிரே கண்டெய்னர் லாரிகள் வரிசையாக வந்தன. திருப்பத்தில், இடது பக்க உப்பளப் பாதையிலிருந்து ஒரு சைக்கிள். வயசாளி, பின்னால் சாக்கு கட்டியிருந்தார். எங்களைப் பார்க்கவே இல்லை, நேராக ரோட்டில் ஏறினார்.

என் கால் ஓங்கி மிதித்தது. வெறும் தரை. செத்தோம் என்றே நினைத்தேன்.

வண்டி நின்றது. பதறாமல், ஒரு குலுக்கலோடு, சைக்கிளுக்கு நல்ல இடம் விட்டு நின்றது. வயசாளி எங்களுக்கு ஒரு கையைக் காட்டிவிட்டு மிதித்துக்கொண்டு போனார். பின்னால் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இவர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார்.

"வரும்போதே பாத்துட்டேன்" என்றார்.

"சரி" என்றேன். என் கால் இன்னும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அதை அவர் பார்த்தார். முதல் கியர் போட்டார்.

மாப்பிள்ளையூரணி வந்து வாசலில் நிறுத்தியதும் இறங்கவில்லை. ரொம்ப நேரம் உள்ளேயே இருந்தார். நான் கூப்பிடவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

திருச்செந்தூர் போய்விட்டு பேலியோவில் திரும்பினோம். நல்ல வெயில். ஆறுமுகநேரியில் இளநீர் குடித்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் அவர் தோளைத் தட்டி எழுப்பியபோது வண்டி எங்கள் வாசலில் நின்றது.

"முள்ளக்காடு எப்பங்க வந்துச்சு?" என்றேன்.

"நீ கொறட்ட விட்டியே, அப்ப."