ஒன்பது அங்குலப் படி

குரோருட், ஒஸ்லோ

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் பிரஷர் குறைந்துவிட்டதாகத் தங்கச்சி தர்மினி சொன்னாள். நிம்மதி. எனக்கு ஒரு குறையுமில்லை, குளிர்தான் கொஞ்சம் கூட.

நேற்று பிக்கப்பை வருடச் சோதனைக்குக் கொண்டுபோனேன். நீங்கள் லொறி ஓடியவர், கேட்டால் சந்தோஷப்படுவீர்கள். இந்த மொடலை ஆறு வருடம்தான் செய்து விற்றார்கள். முதலில் வந்தவற்றில் கியர்பெட்டி அடிக்கடி போகும், கடைசி இரண்டு வருடத்தில்தான் திருத்தினார்கள். "அவசரப்படாதை, கடைசியா வந்ததை எடு" என்றீர்கள். இரண்டு வருடம் பொறுத்து அதையே வாங்கினேன். ஒரு நாளும் வழியில் விட்டதில்லை.

சோதித்தவரும் எல்லாம் திறம் என்றார். அம்மாவின் முழங்காலுக்காக நான் கதவடியில் பூட்டிய படி மட்டும் மிகத் தாழ்வாம், கழற்றட்டாம்.

"இது ஆருக்கு?" என்று கேட்டார்.

"அம்மாக்கு. இன்னும் வரேல்லை" என்றேன்.

அம்மா போய், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகும் வாயில் அப்படித்தான் வருகிறது.

வண்டிக்குப் பொறுத்தது சரிதான், ஐயா. வண்டி வாங்கிய பிறகு இங்கே கூப்பிடுகிறேன் என்று அம்மாவையும் பொறுக்க வைத்தேனே, அதுதான் என் பிழை.

அம்மாவின் முழங்கால் எண்ணெய் மிஞ்சியிருந்தால் தபாலில் அனுப்புங்கள். எனக்கும் கால் நோகிறது.

வேலைக்குப் பிந்துகிறது. வெள்ளிக்கிழமைக்குள் படியைக் கழற்றவேண்டும். அம்மா சமைக்கப் போகையில் நோகாமல் ஏறும் குசினிப் படியை அளந்து ஒன்பது அங்குலம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். அதே உயரத்தில்தான் வண்டியிலும் பூட்டினேன். அம்மா முதலில் வலது காலை வைத்து ஏறட்டும் என்று, நான்கூட அதில் மிதித்ததில்லை.

உங்கள் மகன்
குணபாலன்